அவையில் எழுந்து பேசுக
(வெள்ளி விழாவில் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)

 

இக்கழகம் தோன்றிய நாளில், நம் பிள்ளைகள் பத்தாம் வகுப்பில் தேறினாற் போதும் என்பதே நம் ஆசையாக இருந்தது. இன்று அவர்கள் பட்டம் பெறுகின்றனர், பணியிலும் அமர்கின்றனர். ஆயினும் பலர் கூடிய அவையில் எழுந்து பேச இன்னும் தயங்குகின்றனர். அத்தயக்கத்தைப் பற்றியே யாம் இன்று சில சொல்ல விழைகின்றோம்.

எம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர் இணையதளங்களை வடிவமைக்கும் தொழிலில் இருக்கின்றார். அத்தொழில் சார்ந்த மாநாடுகளுக்குச் சென்று வருபவர். அண்மையில் எம் இல்லத்திற்கு வந்து தம் அனுபவங்களைக் கூறினார்.

முதல் மாநாட்டில் இரண்டு நாளும் கடைசி வரிசையிலேயே அமர்ந்திருந்தாராம். எல்லாம் ஆங்கிலம். ஐயம் எழுந்தபோதும் வினவவில்லை. உணவு வேளையில் ஒருவர், "எந்த ஊர்?" என்றார். "திருத்தணி" என்றார் இவர். "திருத்தணியில் எந்தத் தெரு?" என்பது அடுத்த வினா. அந்த இரண்டாவது வினாவின் பொருள் நம்மில் யாருக்குத்தான் தெரியாது? விடை சொல்லாமல் தட்டுடன் நகர்ந்துவிட்டாராம்.

எனினும் அவர் வெறுங்கையுடன் திரும்பவில்லை. மேடையில் பேசியவர்களுக்கும் கை நடுங்கியதைக் கண்டார். அவர்களும் பிழை செய்து, திருத்திக்கொண்டு பேசியதைக் கேட்டார். 'இவர்கள் பேசும்போது நாம் ஏன் பேசலாகாது?' என்ற எண்ணம் அங்கேதான் பிறந்தது.

மறு ஆண்டு அவரே உரையாற்ற விண்ணப்பித்தார். பொருளைத் தேடி அவர் எங்கும் அலையவில்லை. நம் ஊர் ஆந்திர எல்லையை ஒட்டியது. தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் ஒலிப்பது. இவ்விரு மொழிப் பக்கங்களும் விலை குறைந்த கைபேசியில் எவ்வாறு தெரிகின்றன என்பதையே எடுத்துக்கொண்டார். 'கொ' என்று எழுதும்போது நம் கை முதலில் கொம்பையும், பிறகு ககரத்தையும், இறுதியில் காலையும் இடுகின்றது. கணினியோ ககரத்தை முதலில் வைத்து, அதன்பின் ஒகரக் குறியைச் சேமிக்கின்றது. அதை ஒழுங்குபடுத்திக் காட்டும் மென்பொருள் பழுதுபட்டால் கொம்பு ஒருபுறம், கால் ஒருபுறமாகச் சிதறிவிடும். தம் பாட்டியின் பழைய கைபேசியில் அவ்வாறு சிதறிய பக்கத்தைப் படமெடுத்துத் திரையில் காட்டினாராம். அவை நிமிர்ந்து அமர்ந்தது.

உரை முடிந்ததும் வினாக்கள் எழுந்தன. ஒன்றிற்கு விடை தெரியவில்லை. "எனக்குத் தெரியாது, அறிந்து சொல்கிறேன்" என்றார். எவரும் நகைக்கவில்லை. இதைவிட எம் நெஞ்சைத் தொட்ட செய்தி ஒன்றுண்டு. அவ்வுரையைத் தொடங்கும்போதே தம் ஊரையும், தாம் பிறந்த காலனியின் பெயரையும், எவரும் கேட்கும் முன்னரே சொல்லிவிட்டாராம்.

இளைஞர்களே, இவ்வழி புதிதன்று. 1893-ல் தம் சமுதாயத்தின் பெயரையே சூட்டிப் 'பறையன்' என்னும் இதழைத் தொடங்கியவர் இரட்டைமலை சீனிவாசன். 1930 நவம்பரில் இலண்டனில் முதல் வட்டமேசை மாநாடு கூடியபோது, ஒடுக்கப்பட்ட மக்களின் பேராளர்களாகச் சென்ற இருவருள் ஒருவர் அண்ணல் அம்பேத்கர், மற்றவர் இவரே. அப்போது அவருக்கு அகவை ஏறத்தாழ எழுபது! எழுபதில் கடல் கடந்து அவர் பேசினார். இருபதில் நாம் தயங்கலாமா?

மாநாடு என்பது பொழுதுபோக்கு அன்று. சிங்கப்பூர் ஆசிரியர் நா. கோவிந்தசாமி முன்னின்று, 1997-ல் அந்நகரில் முதல் தமிழ் இணைய மாநாட்டைக் கூட்டினார். 1999 பிப்ரவரியில் சென்னையில் அடுத்த மாநாடு கூடியது. அதன் பயனாக அவ்வாண்டே தமிழக அரசு 'தமிழ்99' விசைப்பலகையை அறிவித்தது. இன்றும் கைபேசிகளில் அது பயன்படுகின்றது. எழுத்து எவ்விசையில் அமர வேண்டும் என்பதைக்கூடக் கூடியிருந்தோரே முடிவு செய்கின்றனர். வராதவரின் கருத்தை எவரும் வீடு தேடி வந்து கேட்பதில்லை.

ஆனால் ஊக்கம் மட்டும் இரயில் கட்டணம் ஆகாது. நம் மாணவர் முதல் பயணத்திற்குக் கடன் வாங்கியே சென்றார். மாநாடுகள் சிலவற்றில் பேசுவோர்க்கும் மாணவர்க்கும் உதவித்தொகை உண்டு. பல திங்களுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும் என்பதை அவர் பின்னரே அறிந்தார். எனவே கழகத்தாருக்கு எம் வேண்டுகோள் இரண்டு. ஆண்டுதோறும் இருவரின் பயணச் செலவைக் கழகம் ஏற்க வேண்டும். சென்று வந்தவர், கேட்டதையும் கற்றதையும் இம்மன்றத்தில் தமிழில் அரைமணி நேரம் உரைக்க வேண்டும். கடனாகக் கொடுக்கும் பணம் அவ்வுரையாலேயே அடைபடட்டும்.

இளைஞர்களுக்கு எம் வேண்டுகோள் ஒன்றே. கடைசி வரிசையில் அமர நேர்ந்தாலும், ஒரு வினாவையேனும் கேட்காமல் திரும்பாதீர்கள். பொன்விழாவில் இம்மேடையில் உங்கள் குரல் ஒலிக்கட்டும். கீழே அமர்ந்து கேட்க யாம் ஆயத்தமாக இருக்கின்றோம்.