வெல்டு முடிஞ்சா வேலை முடிஞ்சதா?

நான் வெல்டர், சொந்த ஊர் திருவண்ணாமலை. திருச்சி துவாக்குடியில், பாய்லர் பாகங்கள் செய்யும் பட்டறையில் இருந்தப்போ நடந்த கதை இது.

கார்த்திகை தீபத்துக்கு முந்தின நாள். விடாத மழை. தடிமனான அலாய் ஸ்டீல் குழாயில் கடைசி ஜாயின்ட் முடிச்சேன். அது ஆறுவதற்குள் 300 டிகிரிக்குச் சூடேற்றி, இரண்டு மணி நேரம் அப்படியே வைக்கணும். ‘பார்க்க நல்லாத்தானே இருக்கு’ன்னு விட்டுட்டு ஊருக்குப் பஸ் ஏறிட்டேன்.

தீபம் பார்த்துட்டு மூன்றாம் நாள் திரும்பினால், டெஸ்ட் எடுத்தவர் வெல்டின் ஓரத்தில் முடியளவு விரிசலைக் காட்டினார்.

குற்றவாளி ஹைட்ரஜன். ராடின் மேல்பூச்சில் ஏறிய ஈரம் ஆர்க் சூட்டில் பிரிந்து, ஹைட்ரஜன் உருகிய இரும்பில் கரைந்துவிடும். சீக்கிரம் ஆறினால் உள்ளேயே மாட்டிக்கும். வெல்டை ஒட்டி இறுகிப்போன இரும்பை, பல மணி நேரம் கழித்துக்கூட பிளக்கும். அதனாலதான் இந்த மாதிரி ஸ்டீலை 48 மணி நேரம் கழித்துச் சோதிப்பாங்க. சூட்டிலேயே வைத்திருந்தால் வாயு மெல்ல வெளியேறிடும்.

ஜாயின்ட்டை வெட்டி, மறுபடி போட்டேன். அன்னைக்கு ராத்திரி இரண்டு மணி நேரமும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அந்தக் குழாயில் நீராவி ஓடும்போது பக்கத்தில் ஆள் நிற்பாங்க இல்லையா?