ஒடியலும் ஓர் உவமையும்



அணி இலக்கணம் என்றதும் பரீட்சைக்குப் பாடமாக்கிய பட்டியல்தான் நம்மிற் பலருக்கு நினைவு வரும். தண்டியலங்காரத்தின் பொருளணியியல், தன்மை முதல் பாவிகம் ஈறாக 35 அணிகளைக் கூறுகிறது. வேலணையில் படித்த காலத்தில் நானும் அவற்றை ஒப்புவித்தவன்தான். பெயர்கள் வாயில் நின்றன, பொருள் பிடிபடவில்லை.

பிடிபட்டது ஒரு கட்டுரையால். ஆச்சியைப் பற்றி எழுதும்போது 'தாமரை போன்ற கை' என்று போட்டேன். ஆசிரியர் வாசித்துவிட்டு, "எடேய், நீ உன்ரை ஆச்சியின்ரை கையை ஒருநாளும் பாக்கேல்லையோ?" என்றார். வகுப்பே சிரித்தது.

அன்று பின்னேரம் பார்த்தேன். ஆச்சி முற்றத்தில் இருந்து பனங்கிழங்கைக் கிழித்து வெயிலில் போட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் தாமரையை வெட்டிவிட்டு 'ஒடியல் போன்ற கை' என்று எழுதிக் கொடுத்தேன்.

ஆசிரியர் தொல்காப்பியத்துக்குப் போனார். வினை, பயன், மெய், உரு என நான்கு வழியாக உவமை பிறக்கும் என்கிறது உவமவியல். தொழில், பயன், வடிவு, நிறம் என்று விளங்கிக்கொள்ளலாம்.

"உன்ரை உவமை இதிலை எது?"

காய்ந்து ஒடுங்கிய வடிவு, பழுப்பு நிறம் என்றேன்.

"பயன்?"

விழித்தேன். "மாரியிலை அரிசி முடிஞ்சால் உங்கடை வீட்டிலை கூழ் காய்ச்சிறது என்னத்திலை? ஆர் காய்ச்சிறது?" என்று கேட்டார். இல்லாத நாளுக்கென்று காய்ந்து கிடப்பது ஒடியல். அந்தக் கையும் அப்படித்தான். நான் எழுதிய உவமை எனக்கே அப்போதுதான் விளங்கியது. தாமரையில் அழகு இருந்தது. எங்கள் ஆச்சி இருக்கவில்லை.

'போன்ற' என்பதை எடுத்துவிட்டு, 'கையாகிய ஒடியல்' என்று இரண்டையும் ஒன்றாக்கினால் அது உருவகம். இந்த இடத்தில் எனக்கு உவமையே போதும். கை கையாகவே இருக்கட்டும்.

ஆகுபெயர் அணிகளின் பட்டியலில் இல்லை. அதை நன்னூலின் பெயரியலில் படிக்கிறோம். ஆனால் 1990க்குப் பின் எங்கள் வாயில் அதிகம் புழங்கியது அதுதான். 'வேலணை இடம்பெயர்ந்தது' என்றோம். நிலமா பெயர்ந்தது? போர் துரத்தப் பெயர்ந்தவர்கள் நாங்கள். கிணறும் பனையும் பூட்டிய வீடும் அங்கேயே கிடந்தன. இடவாகுபெயருக்கு உதாரணம் கேட்கும் பிள்ளைகளுக்கு 'ஊர் சிரித்தது' என்று சொல்லிக் கொடுத்த எனக்கு, இந்த உதாரணத்தைச் சொல்ல நெடுநாள் வாய் வரவில்லை.

பல வருடங்கள் கழித்துத் திரும்பிப் போனேன். பக்கத்து வளவு ஆச்சியும் வந்திருந்தார். சோளகக் காற்றில் காவோலைகள் சரசரத்தன. அவர் நிமிர்ந்து பார்த்து, "எல்லாரும் வந்திட்டினமோ எண்டு கேக்குது" என்றார்.

காற்றால் எழும் இயல்பான ஓசைமீது தன் மனக்குறிப்பை ஏற்றிச் சொன்னார். தற்குறிப்பேற்ற அணி. விடைத்தாளில் எழுதினால் முழுப்புள்ளி கிடைக்கும். அவரிடம் நான் அதைச் சொல்லவில்லை. அவர் பனையைப் பார்த்தபடி, வராதவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கியிருந்தார்.