நகரின் எல்லை எது?

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'பெருகும் மக்களும் வளரும் நகரும்' என்ற தலைப்பைத் தந்தபோது, இது பொறியாளர் பேச வேண்டிய பொருளாயிற்றே எனத் தயங்கினேன். பின்னர் பரிபாடல் நினைவுக்கு வந்தது. மதுரையைத் தாமரையாகவும் தெருக்களை அதன் இதழ்களாகவும் கண்ட நூல் அது. அவ்வுவமையைப் பல்லாண்டு பாடம் நடத்தியிருக்கிறேன். தாமரைக்கு நீர் வேண்டும் என்று ஒருநாளும் மாணவரிடம் சொன்னதில்லை.

அந்த நீர் இங்கிருந்தும் செல்கிறது. குரங்கணிச் சரிவுகளில் ஊறி இறங்கும் கொட்டகுடி ஆறு, போடியைக் கடந்து, தேனி அருகே வைகையில் கலக்கிறது. 1959இல் திறந்த வைகை அணையில் தேங்கி மதுரையின் குடங்களுக்குப் போகிறது. பெரியாற்று நீரின் பங்கே பெரிது என்பீர்கள், உண்மைதான். ஆனால் அதுவும் மலை தந்ததே. ஆகவே மதுரையின் எல்லை மாநகராட்சிப் பலகையோடு முடிவதில்லை. குரங்கணிச் சோலையும் அதற்குள் அடங்கும்.

வந்த நீரை நகரம் எப்படிப் போற்றியது? மகாலுக்கு மண் எடுத்த பள்ளமே வண்டியூர்த் தெப்பக்குளம் ஆயிற்று என்பது வழிவழிச் செய்தி. நம் காலத்திலோ, 2004இல் தொடங்கிய உயர் நீதிமன்றக் கிளை உலகனேரிக் கண்மாய் நிலத்தில் நிற்கிறது. சென்னையில் 1920களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகரை அமைத்தார்கள். ஏரி போனது, 'லேக் வியூ ரோடு' என்ற பெயர் எஞ்சியது. 1976இல் எழுந்த வள்ளுவர் கோட்டமும் ஏரி இருந்த இடமே. வான்சிறப்புப் பாடியவருக்கு நாம் அளித்த மரியாதை! 2015 டிசம்பரில் மூழ்கிய சென்னைக்கு 2019இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வந்தது.

பிறரைக் குற்றம் சொல்லும் தகுதி எனக்கில்லை. நான் வீடு கட்டிய மனை ஒரு கண்மாயின் பாசன வயல். வாய்க்கால் ஓடிய இடம் இன்று எங்கள் தெரு. 'நன்செய்' என்பதற்கு வகுப்பில் பொருள் சொல்பவள், பத்திரத்தில் அச்சொல்லைக் கண்டும் கையெழுத்திட்டேன். மழைக்காலத்தில் தண்ணீர் தன் பழைய வழியைத் தேடி வாசலுக்கு வருகிறது. அதைத் திட்ட எனக்கு வாய் எழவில்லை.

2011 கணக்கெடுப்பின்படியே தமிழ்நாட்டில் நூற்றுக்கு 48 பேருக்கு மேல் நகரவாசிகள். அவர்களுக்கு வீடு வேண்டாமா? வேண்டும். புன்செய் மேட்டில் அடுக்கிக் கட்டலாம். சாலைக்குக் கோடு போடுமுன் வாய்க்காலுக்குக் கோடு போடலாம்.

இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. 2010 இறுதியில் நின்ற ரயில், அகலப்பாதையில் 2023 ஜூனில் போடிக்குத் திரும்பியது. மகிழ்ச்சி. ரயிலைத் தொடர்ந்து மனைக்கற்களும் வரும். எனவே கவிஞர்களிடம் ஒரு வேண்டுகோள்: அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் ஊர்க் கண்மாயின் பெயரையும், அதற்கு நீர் கொணரும் வாய்க்காலின் பெயரையும் நடந்து பார்த்து எழுதி வாருங்கள். கவிதையைப் பிறகு கேட்போம்.