கல்லுக்கடியில் ஒரு பெட்டி
(எமது சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



ஆண்டு விழா மேடையில் மாணவர் சார்பில் சில வார்த்தைகள் பேசவேண்டுமெனச் செயற்குழு எம்மைப் பணித்தது. நாம் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு விளையாட்டு. "படிக்கிற பிள்ளைகளுக்கு இது வேண்டுமா?" என்று பெரியோர் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். முடியும்வரை பொறுத்துக் கேட்டபின் தீர்ப்புக் கூறுமாறு பணிவுடன் வேண்டிக்கொள்கிறோம்.

விளையாட்டின் பெயர் ஜியோகேஷிங். ஜியோ என்றால் பூமி. கேஷ் என்பது ஒளித்துவைக்கும் இடத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். ஒருவர் ஒரு பெட்டியைக் காட்டிலோ மலையிலோ மறைத்துவைப்பார். அவ்விடத்தின் அகலக்கோட்டையும் நெடுங்கோட்டையும் எண்களாக எழுதி ஊரறிய வெளியிடுவார். மற்றவர்கள் கையடக்கக் கருவி ஒன்றோடு புறப்பட்டு, அந்த எண்களைத் துணைகொண்டு தேடிப் பிடிப்பார்கள். பெட்டிக்குள் ஒரு குறிப்புப் புத்தகம் இருக்கும். கண்டெடுத்தவர் தம் பெயரையும் தேதியையும் அதில் எழுதவேண்டும். சில்லறைப் பொருள்கள் சிலவும் இருக்கும். ஒன்றை எடுத்தால் ஒன்றை வைக்கவேண்டும். பின்னர் பெட்டியை முன்பிருந்தபடியே மறைத்துவிட்டு வரவேண்டும். பரிசும் இல்லை, தோற்றவர் என்று எவரும் இல்லை.

இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்தில் 1854 ஆம் ஆண்டிலேயே ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, வந்துபோகிறவர்கள் தங்கள் பெயர்ச்சீட்டைப் போடுவதற்கென ஒரு போத்தலை வைத்தாராம். ஆனால் இன்றைய விளையாட்டின் பிறந்தநாள் 2000 மே 3. அதற்கு முதல் நாள்வரை செய்மதிகள் பொதுமக்களுக்கு அனுப்பிய சைகையை அமெரிக்க இராணுவம் வேண்டுமென்றே கலக்கி வைத்திருந்தது. சாதாரண மனிதன் கையிலிருந்த கருவி ஏறத்தாழ 100 மீற்றர் பிசகாகவே இடம் சொல்லும். ஜனாதிபதி கிளின்டன் அக்கலக்கத்தை நிறுத்தச் செய்தார். உடனே டேவ் உல்மர் என்ற கணினிப் பொறியியலாளர், ஓரிகன் மாநிலத்தில் பீவர்கிறீக் என்ற ஊருக்கருகில் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் வாளியை மறைத்துவைத்து, அதன் இடத்தை எண்களில் அறிவித்தார். உள்ளே புத்தகங்கள், ஓர் உண்டிவில், ஒரு தகரம் அவரைக்கொட்டை! மூன்று நாளுக்குள் இருவர் தேடிக் கண்டனர். முதலில் கண்டவர் மைக் டீக் என்பவர். இன்று உலகெங்கும் முப்பது இலட்சத்துக்கு மேற்பட்ட பெட்டிகள் மறைந்து கிடக்கின்றன.

இனிக் கருவியைப் பற்றிச் சொல்வோம். அதை ஜீ.பீ.எஸ். என்று சுருக்கமாக அழைப்பர். பூமியிலிருந்து ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் குறைந்தது 24 செய்மதிகள் சுற்றி வருகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரம் உண்டு. "நான் இன்ன இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இன்னது" என்று இடையறாது அவை அறிவித்துக்கொண்டிருக்கின்றன. நம் கையிலுள்ள கருவி எதையும் மேலே அனுப்புவதில்லை. கேட்கும் காதாக மட்டுமே இருக்கிறது. சைகை புறப்பட்ட நேரத்தையும் வந்துசேர்ந்த நேரத்தையும் ஒப்பிட்டுத் தூரத்தைக் கணக்கிடுகிறது. வானொலி அலை ஒரு விநாடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு நேரத்தில் 300 மீற்றர் ஓடிவிடும். ஆகவே கடிகாரம் இம்மியளவு பிசகினாலும் கணக்குக் கெட்டுப்போம். மூன்று செய்மதிகளின் தூரம் தெரிந்தால் இடம் தெரிந்துவிடும். ஆனால் கைக்கருவியில் அணுக் கடிகாரம் இல்லையே! அக்குறையைத் தீர்க்கத்தான் நான்காவது செய்மதி. பூமியிலுள்ள கடிகாரத்தைவிட மேலேயுள்ள கடிகாரம் நாளொன்றுக்கு 38 மைக்ரோவிநாடி முந்தி ஓடும் என்பதும், ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கையைக் கொண்டே அதைத் திருத்துகிறார்கள் என்பதும், பௌதிகம் படிப்போர் கவனிக்கத்தக்கவை.

மிஷன் பள்ளியில் பூகோளம் படித்தபோது அகலக்கோடும் நெடுங்கோடும் உலக உருண்டைமேல் வரைந்த கோடுகளாகவே எமக்குத் தெரிந்தன. லண்டனுக்கருகில் கிரீனிச் என்று மனனம் செய்தோம். நம் தலைக்குமேல் நிற்கும் மலையின் பெருமையை எவரும் சொன்னதில்லை. நில அளவைத் திணைக்களம் 1800 ஆம் ஆண்டில் தோன்றியது. இன்று அத்திணைக்களம் கைக்கொள்ளும் 1999 ஆம் ஆண்டு ஆள்கூற்று முறைக்கு மூலப்புள்ளி எது தெரியுமா? நுவரெலியா நகரத்துக்கு மேலே 2,524 மீற்றர் உயரத்தில் நிற்கும் பீதுருதாலகாலை! ஏறத்தாழ 7 பாகை 0 கலை வடக்கு, 80 பாகை 46 கலை கிழக்கு. அந்தப் புள்ளிக்குக் கிழக்கே 5,00,000 மீற்றர், வடக்கே 5,00,000 மீற்றர் என்று எண் கொடுத்து, யாழ்ப்பாணமானாலும் காலியானாலும் அங்கிருந்தே அளந்து குறிக்கிறார்கள். அப்படியிருக்க, அம்மலையின் அடிவாரத்தில் கொழுந்தெடுக்கும் நம் மக்களில் எத்தனையோ குடும்பங்களின் வீட்டுக்குச் சரியான விலாசம் இல்லை. இதைப் பின்னர் விரித்துச் சொல்வோம்.

கைக்கருவி வாங்க நினைப்போர் கவனிக்கவேண்டியவை சில. இப்பொழுது கைத்தொலைபேசியிலேயே ஜீ.பீ.எஸ். இருக்கிறதே, தனிக்கருவி எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தொலைபேசியே போதும், பள்ளத்தாக்கில் அலைவரிசை இல்லாவிட்டாலும் செய்மதிச் சைகை கிடைக்கும். படத்தை மாத்திரம் வீட்டிலேயே பதிந்து கொண்டுபோகவேண்டும். ஆனால் ஹட்டன் பக்கத்து ஆனி ஆடி மழையை நினைத்துப் பாருங்கள். ஈரவிரலுக்குத் தொலைபேசிக் கண்ணாடி இணங்காது. குளிரிலும் மழையிலும் பற்றரி இறங்கிவிடும். கார்மின் முதலிய கம்பெனிகளின் கைக்கருவியில் பொத்தான்கள் உண்டு. கடையில் விற்கும் சாதாரணப் பற்றரி இரண்டு போட்டால் நாள் முழுவதும் உழைக்கும். தண்ணீரில் விழுந்தாலும் உடனே எடுத்துவிட்டால் பழுதில்லை.

கருவியின் குறைகளையும் அறிந்திருக்கவேண்டும். நெடுநாள் அணைத்து வைத்திருந்து மூட்டினால், செய்மதிகளின் பஞ்சாங்கத்தை முழுதும் வாங்கிக்கொள்ள அதற்குப் பன்னிரண்டரை நிமிடம் பிடிக்கும், பொறுமை வேண்டும். பல கருவிகளில் திசைகாட்டும் அம்பு நாம் நடக்கும்போதுதான் உண்மை பேசும். நின்றுகொண்டு சுழன்றால் அதுவும் நம்மோடு சேர்ந்து சுழலும். செங்குத்தான பாறையருகில் சைகை பாறைமேல் மோதி எதிரொலித்து வந்து கணக்கைக் குழப்பும். டர்ப்பன்டைன் மரக்காட்டுக்குள் இலைகள் மறைக்கும். சவுக்கு மர நிழலிலுள்ள தேயிலையில் அவ்வளவு தொல்லை இல்லை. பழைய நில அளவைப் படத்தோடு ஒப்பிடுவோர், கருவி எந்த ஆதார முறையில் எண் சொல்கிறதென்று முதலிலே பார்த்துக்கொள்க. இல்லையேல் சில நூறு அடி தள்ளிப்போய், இல்லாத பெட்டியைத் தேடிக்கொண்டிருப்போம்.

வெளிநாட்டார் இக்கருவியோடு நம் வாசலுக்கே வந்துவிட்டார்கள். பீக்கோ டிரெயில் என்னும் நடைபாதை, கண்டிக்கருகே ஹந்தானையில் தொடங்கி மலையகத்தைச் சுற்றி நுவரெலியாவில் முடிகிறது. நீளம் 300 கிலோமீற்றருக்கு மேல், 22 கட்டங்கள். ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரையையும், நமக்கு அண்மையில் கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கங்களையும் அது தொட்டுச் செல்கிறது. கையிலுள்ள திரையைப் பார்த்தபடியே அவர்கள் வழி தப்பாமல் நடக்கிறார்கள். அந்தப் பாதைகளில் பல நம் பாட்டன்மாரின் காலடி பட்டுத் தேய்ந்தவை. ஆனால் திரையிலே இருப்பவை துரைமார் சூட்டிய பெயர்கள். நம்மவர் அதே தோட்டத்துக்கு வேறு பெயர் வைத்திருப்பார்கள். ஒவ்வொரு மலைக்கும், ஓடைக்கும், முனியாண்டி நிற்கும் மரத்தடிக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. அவை பெரியோரின் நாவில் மட்டுமே வாழ்கின்றன. எந்தப் படத்திலும் ஏறவில்லை.

இப்போது விலாசத்துக்கு வருவோம். பல தோட்டங்களில் இன்றும் கடிதம் தோட்டக் காரியாலயத்துக்குத்தான் வருகிறது. லயத்துக்கு வந்து சேர்வது யார் தயவோ! நேர்முகப் பரீட்சைக் கடிதம் பரீட்சை முடிந்தபின் கைக்கு வந்த கதை இம்மண்டபத்தில் பலருக்குத் தெரியும். மேல் டிவிசன், கீழ் டிவிசன், இத்தனையாம் நம்பர் லயம் என்றால் நமக்குப் புரியும். இரவில் 1990 ஐ அழைத்து அம்புலன்ஸ் கேட்டால், வெளியூர்ச் சாரதிக்கு அது எப்படிப் புரியும்? 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது, லயங்கள் இருந்த இடமே தெரியாதபடி மண் மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகமெங்கும் மண்ணைச் சரித்துப் பாதைகளை அறுத்ததை நாம் மறக்கவில்லை. அடையாளங்களெல்லாம் அழிந்தபின், "இங்கேதான் வீடு இருந்தது" என்று சொல்ல எண்கள் மட்டுமே எஞ்சும். அந்த எண்கள் முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தால் அல்லவா?

கல்லுக்கடியில் கிடக்கும் பிளாஸ்டிக் பெட்டிக்குப் பாகை, கலை, கலையின் மூன்றாம் தசமம்வரை விலாசம் இருக்கிறது. அந்தக் கடைசி எண் ஒன்று நகர்ந்தால் நிலத்தில் ஏறத்தாழ 6 அடி. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பரா இரண்டு எண்ணுக்குள் அடங்கிவிடும். ஆயினும் கருவியை மிகைப்படுத்திப் பேசுவது தகாது. திறந்த வெளியிலேயே அது பத்துப் பதினைந்து அடி பிசகும். பக்கத்துப் பக்கத்துக் காம்பராக்களைப் பிரித்தறியாது. லயத்தைக் கருவி சொல்லும். காம்பரா இலக்கத்தை நாம்தான் எழுதவேண்டும்.

ஆகவே எமது யோசனை இது. சங்கம் ஒரு கைக்கருவியையும் ஒரு தடித்த பதிவேட்டையும் வாங்கட்டும். இளைஞர் முதலில் பெட்டி ஒளித்து, தேடி, கருவியைக் கையாளப் பழகட்டும். கை தேர்ந்தபின், போயா விடுமுறைகளில் ஒவ்வொரு டிவிசனாகச் சென்று, ஒவ்வொரு லயத்தின் நடுவிலும் சில நிமிடம் நின்று அளந்து எழுதட்டும். மழைக்காலத்தில் ஒதுங்கத்தக்க கோயில், பாடசாலை, அம்புலன்ஸ் வரக்கூடிய கடைசித் திருப்பம் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். பக்கத்திலேயே ஒரு பத்தி, பெரியோர் சொல்லும் பழைய தமிழ்ப் பெயருக்கு. பிரதிகள் கிராம உத்தியோகத்தரிடமும் தோட்டக் காரியாலயத்திலும் இருக்கட்டும். வீடுகளின் எண்களை உலகத்துக்கு வெளியிடவேண்டியதில்லை. அது பெட்டிகளுக்கு மட்டும் உரிய வழக்கம்.

பெட்டி ஒளிப்பதிலும் சில கட்டுப்பாடுகள் அவசியம். தோட்ட நிலமானால் நிர்வாகத்தின் அனுமதி பெறுக. மண்ணைத் தோண்டக்கூடாது என்பது இவ்விளையாட்டின் உலகப் பொதுவிதி. சரிவு நிலமான நமக்கு அது இருமடங்கு பொருந்தும். தேயிலைச் செடிக்குள் வைக்கவே வேண்டாம். கொழுந்தெடுப்போர் கைபடும் இடம் அது. குளவிக்கூடு இருக்குமிடமும் அதுவே. புகையிரதப் பாதை, சுரங்கவாயில், சாமி மரத்தடி இவையும் விலக்கு. பெட்டியின்மேல் இன்னது என்று மூன்று மொழியிலும் எழுதிவைக்கவேண்டும். 2019 ஏப்ரலுக்குப் பின் இந்நாட்டில் பெயரில்லாப் பெட்டியைக் கண்டு மக்கள் அஞ்சுவதில் வியப்பில்லை. தனியே செல்லாதிருப்பதும் நன்று. சிறுத்தை நடமாடும் மலைகள் இவை. அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும் போதும்!

முதற் பெட்டியை ஒளிக்கும் பொறுப்பைப் பெண்கள் பிரிவிடம் விடுவதே சரியென்பது எமது அபிப்பிராயம். இந்த மலைகளின் ஒவ்வொரு மடிப்பும் அவர்களுக்கே தெரியும். தேடப்போகும் தோழர்கள் பாடு சற்றுத் திண்டாட்டந்தான்.