ஒத்தக் கிட்னியும் ஒரு துணையும்

(தோட்டத்தில் நடந்த சுகாதார தினக் கூட்டத்தில், கொழுந்து பறிக்கும் தாய் ஒருவர் பேசியது.)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. டொக்டர் ஐயாவும் மருத்துவிச்சி அம்மாவும் இருக்கிற இடத்தில் நான் வைத்தியம் சொல்ல வரவில்லை. எனக்கு நடந்ததைத்தான் சொல்லப் போகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முந்தி, எனக்குச் சிறுநீரோடு இரத்தம் போனது. வலி இல்லை. உடம்புச் சூடு என்று நினைத்து, மோரைக் குடித்துவிட்டு ஒரு மாதம் மலைக்குப் போனேன். அது பிழை. வலி இல்லாவிட்டாலும், ஒரே தடவை போனாலும், உடனே காட்ட வேண்டும். ஸ்கேன் எடுத்ததில் இடது பக்கச் சிறுநீரகத்தில் புற்றுநோய்க் கட்டி. ஒபரேஷன் பண்ணி அந்தச் சிறுநீரகத்தையே எடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் பெரிய கஷ்டம். லயத்துச் சனம் வாசல் வரைக்கும் வந்து பார்த்தது, உள்ளே வரவில்லை. தொத்து வியாதி என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். புற்றுநோய் தொத்தாது. ஆனால் அதை அன்றைக்கு எடுத்துச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தேன்.

ஒரு நாள் கீழ்ப் பிரிவிலிருந்து ஒரு அண்ணன் சம்சாரத்தோடு வந்தார். நேரே உள்ளே வந்து, எங்கள் வீட்டுத் தேத்தண்ணியை வாங்கிக் குடித்தார். “தங்கச்சி, எனக்கும் ஒன்றை எடுத்து நாலு வருஷமாச்சு. மிச்சம் இருக்கிற ஒன்று நல்லா இருந்தா அதுவே போதும்” என்றார். டொக்டரும் அதையேதான் சொன்னார். ஆனால் ஒத்தக் கிட்னியோடு நடந்து வந்த ஆள் சொன்னபோதுதான் மனசு நம்பியது.

இருமும்போது தலையணையைக் காயத்தில் அணைத்துப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார். கடைக் கடனுக்குப் பயந்து மூன்றாம் கிழமையே கூடையைத் தூக்கப் பார்த்தேன். “ஆறு கிழமைக்குப் பாரம் தூக்கக் கூடாதுன்னு துண்டுல எழுதியிருக்கு. பேர் போனா பிறகு எடுக்கலாம், தையல் விட்டா என்ன செய்வே?” என்று தடுத்தார். தலைவரோடு பேசி லேசான வேலைக்கும் கேட்டுக் கொடுத்தார். இடுப்பு வலிக்குக் கடையில் குளிசை வாங்கப் போனபோது, சில வலிக் குளிசைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கும், கிளினிக்கில் கேட்காமல் போடாதே என்றார்.

ஒரு இரவு காய்ச்சல் வந்து காயத்தில் சீழ் கண்டது. அப்போது அவர் எந்த மருந்தும் சொல்லவில்லை. “இது நான் பார்க்கிற விஷயமில்ல” என்று சொல்லி, ஆஸ்பத்திரிக்கே கூட்டிப் போனார். நல்ல துணைக்கு அதுதான் அடையாளம். தெரிந்ததைச் சொல்லணும், தெரியாததற்கு வைத்தியரிடம் கொண்டுபோய் விடணும்.

போன வருஷம் அந்த அண்ணனுக்கு நோய் திரும்பி வந்தது, நுரையீரலில். உண்மையைச் சொல்லுகிறேன், இரண்டு கிழமை நான் அந்தப் பக்கம் போகவில்லை. அவரைப் பார்த்தால் என் நாளையைப் பார்க்கிற மாதிரி பயம். பிறகு வெட்கமாக இருந்தது. போனேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை, “உக்காரு தங்கச்சி” என்றார். இப்போது அவர் மஹரகமை ஆஸ்பத்திரிக்குப் போகிற நாட்களில், விடியற்காலை பஸ்ஸில் நானும் அவர் சம்சாரமும் மாறி மாறித் துணைக்குப் போகிறோம்.

எனக்கும் ஸ்கேன் நாள் வந்தால் முதல் நாள் இரவு தூக்கம் வராது. அதை அவரிடம் மட்டும்தான் சொல்வேன். வீட்டில் சொன்னால் பிள்ளைகள் அழும்.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஒபரேஷன் முடிந்து உங்கள் லயத்துக்கு யாராவது வந்தால் வாசலில் நிற்காதீர்கள். உள்ளே போய் ஒரு வாய் தேத்தண்ணி குடியுங்கள். அதே வருத்தத்தைத் தாண்டி வந்தவர்கள் யாராவது இருந்தால், முதலில் நீங்கள் போங்கள்.