வீட்டை வாடகைக்கு விடலாமா?

(மாதக் கூட்டம் ஒன்றில் பேசியது)



இன்று நாம் கடவுளைப் பற்றியோ புராணத்தைப் பற்றியோ பேச வரவில்லை. "வீட்டில் ஒரு பகுதி காலியாயிருக்கிறது, வாடகைக்கு விடலாமா, பூட்டி வைக்கலாமா?" என்று நமது தோழர்கள் சிலர் கேட்டு வருகிறார்கள். இது அவரவர் சொந்தக் காரியந்தானே, இதற்குப் பொதுக்கூட்டம் எதற்கு என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் ஒரு மனிதனுடைய கொள்கை மேடையில் தெரிவதைவிட அவன் வீட்டு வாசற்படியில்தான் நன்றாய்த் தெரியும். ஆதலால் பேசுகிறோம்.

முதலாவது, வரவு செலவு. ஜோசியனிடமும் வாஸ்துக்காரனிடமும் போகுமுன் ஒரு காகிதமும் பென்சிலும் எடுத்துக் கொள்ளுங்கள். 40 லட்சம் ரூபாய் பெறுமான வீட்டுக்கு மாதம் 8,000 ரூபாய் வாடகை என்று வைத்துக் கொள்வோம். வருஷத்துக்கு 96,000. ஆள் மாறும்போது ஒரு மாதம் காலியாய்க் கிடந்தால் 88,000. வீட்டு வரி, வெள்ளையடிப்பு, குழாய், மோட்டார் பழுது, தரகு என்று 15,000 போனால் மிச்சம் 73,000. அதாவது முதலுக்கு நூற்றுக்கு இரண்டு கூட இல்லை. ஆகவே வாடகையை நம்பி வட்டிக்குக் கடன் வாங்கி வீடு கட்டுகிறவன் ஏமாந்து போவான். ஆனால் முன்னமேயே கட்டி முடித்த வீட்டைப் பூட்டி வைத்தாலோ அந்த 73,000-மும் இல்லை. வரியும் நிற்காது, கரையானும் நிற்காது. இன்னும் ஒரு வருஷத்தில் மகனுக்கோ மகளுக்கோ அந்த இடம் வேண்டியிருக்குமானால் விடாதீர்கள். அல்லது அதைச் சொல்லி, கால அளவை எழுதி விடுங்கள். முன்பணம் வருமானமல்ல, திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன் என்பதையும் மறவாதீர்கள்.

இரண்டாவது, பயம். "குடி வந்தவன் கிளம்ப மாட்டான்" என்கிறார்கள். பழைய 1960-ம் வருஷத்துச் சட்டத்தின் கீழ் வழக்குகள் வருஷக் கணக்காய் இழுத்ததைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லுவதில் நியாயமுண்டு. ஆனால் அந்தச் சட்டம் போய்விட்டது. 2017-ல் தமிழ்நாடு சட்டசபை செய்த புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அமுலில் இருக்கிறது. அதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவும் வேண்டும். வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. தகராறு வந்தது என்பதற்காகத் தண்ணீரையும் விளக்கையும் நிறுத்தக் கூடாது. வீட்டுக்காரன் உள்ளே வந்து பார்க்க வேண்டுமானால் 24 மணி நேரம் முன்னதாக எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். இதனால் இரு தரத்தாருக்கும் பாதுகாப்பு இருக்கிறது. காகிதம் எதற்கு, நம்ம ஆள்தானே என்று வாய்ப் பேச்சில் விடுகிறவன்தான் பின்னால் கோர்ட்டுக்கு அலைகிறான்.

மூன்றாவதுதான் முக்கியமான சங்கதி. யாருக்கு விடுவது?

தோழர்களே! வீடு கேட்டு வருகிறவனிடம் நம்மவர்கள் முதலில் கேட்பது என்ன? வாடகை கொடுப்பாயா என்றா? இல்லை. "சொந்த ஊர் எது? ஊருக்குள்ளேயா, காலனியா?" என்றுதானே கேட்கிறார்கள்! "சைவர்களுக்கு மட்டும்" என்று பலகை மாட்டுகிறார்கள். முஸ்லிம் என்றால் "நேற்றே விட்டாயிற்று" என்கிறார்கள். புருஷனில்லாத பெண் என்றால் ராசியில்லை என்கிறார்கள். மீன் குழம்பு வாசனையால் எந்தச் சுவராவது இடிந்ததுண்டா? இடிகிறது ஜாதிச் சுவர் ஒன்றுதான். அதைக் காப்பாற்றத்தான் இவ்வளவு பாடு!

1917-ல், அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துத் திரும்பிய டாக்டர் அம்பேத்கர் பரோடா சமஸ்தானத்தில் உத்தியோகத்துக்குப் போனார். தங்க இடமில்லை. ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயர் சொல்லி, காசு கொடுத்துத் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து வெளியேற்றிற்று. இந்து நண்பர் ஒருவரும் கிறிஸ்தவ நண்பர் ஒருவரும் வீட்டில் இடம் தரவில்லை. கடைசியில் ஒரு தோட்டத்தில் உட்கார்ந்திருந்து, ரயிலேறி பம்பாய்க்குத் திரும்பினார். அவருக்குப் படிப்பில்லையா? சம்பளமில்லையா?

அது பழங்கதை என்பீர்கள். 2005-ல், தமது சமூகத்தார் மட்டுமே சேரலாம் என்று அகமதாபாத்துக் கூட்டுறவு வீட்டுச் சங்கம் ஒன்று வைத்திருந்த விதி செல்லும் என்று சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. நமது புதுச் சட்டமோ முன்பணத்துக்கு அளவு சொல்லுகிறதே ஒழிய, ஜாதி கேளாதே என்று சொல்லவில்லை. சட்டம் வாயை மூடிக்கொண்ட இடத்தில் சாவி வைத்திருக்கிறவன்தான் சட்டம். அந்தச் சாவி இன்று உங்களில் பலர் மடியில் இருக்கிறது.

பிறரை மட்டும் குறை சொல்லி நாம் தப்பித்துக் கொள்ள விரும்பவில்லை. நமது வீட்டிலேயே இது நடந்தது. பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர் வீடு கேட்டு வந்தார். நாம் வெளியூர்க் கூட்டத்தில் ஜாதி ஒழிப்பைப் பற்றிப் பேசிக் கொண்டிருந்த நேரம். வீட்டுப் பெரியவர்கள் ஊரையும் தெருவையும் கேட்டார்கள். அவர் ஒளிக்காமல் சொன்னார். "யோசித்துச் சொல்லுகிறோம்" என்று அனுப்பிவிட்டார்கள். நாம் திரும்பி வந்து விஷயம் தெரிந்து ஆளனுப்புவதற்குள் அவர் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிப் போய்விட்டார். அன்று நாம் பேசிய பேச்சுக்குக் கிடைத்த கைதட்டலெல்லாம் நமக்கு வெட்கமாகவே போய்விட்டது. குற்றம் பெரியவர்களுடையதல்ல. ஊருக்கெல்லாம் சொன்னதை வீட்டில் உட்கார்ந்து சொல்லாத நம்முடையது. வாடகைக்கு விடும் முடிவில் மனைவியையும் தாயையும் கலந்து பேசாதவன், பலகையில் என்ன எழுதினாலும் பயனில்லை.

ஆதலால் நாம் சொல்லுவது இவ்வளவுதான். கணக்குப் பார்த்து, கட்டுமானால் விடுங்கள், கட்டாவிட்டால் விடாதீர்கள். விடுவதானால் நான்கே கேள்வி கேளுங்கள்: எத்தனை பேர், என்ன வேலை, எவ்வளவு காலம், வாடகை எந்தத் தேதியில். ஐந்தாவது கேள்வி வேண்டாம். தரகனிடமும் அப்படியே கண்டிப்பாய்ச் சொல்லி விடுங்கள். "அக்கம்பக்கத்தார் என்ன சொல்லுவார்கள்?" என்றால், அக்கம்பக்கத்தார் உங்கள் வீட்டு வரியைக் கட்டுகிறார்களா என்று கேளுங்கள்.

நாம் சொல்லுகிறோம் என்பதற்காக ஒப்புக்கொள்ள வேண்டாம். வீட்டுக்குப் போய், உங்கள் புத்தியைக் கொண்டு யோசித்துப் பாருங்கள். சரி என்று பட்டால் நாளைக் காலையில் அந்தப் பழைய பலகையைக் கழற்றி எறியுங்கள்.