ஆறு வருஷம் கழிச்சு வந்த ஆசை

(அச்சரப்பாக்கத்தில் நடந்த கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் களப்பணியாளர்கள் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைய கூட்டப் பொருளில் வங்கிக் கடன் இணைப்பு, தணிக்கை என்று இரண்டு விஷயம் இருக்கிறது. அதற்கு முன்னால் அரை மணி நேரம் வேறு ஒன்றைப் பேச அனுமதி கேட்கிறோம். போன கூட்டம் முடிந்து எல்லாரும் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது ஒரு ஊக்குநர் எங்களை ஓரமாகக் கூப்பிட்டார். "மேடம், எங்க வீட்டுக்காரர் பீடியை விட்டு ஆறு வருஷம் ஆச்சு. போன வாரம் சட்டையைத் துவைக்க எடுத்தா பையில தீப்பெட்டி. அப்போ ஆறு வருஷம் விட்டதெல்லாம் வீணா?" என்று கேட்டார். அன்றைக்கு எங்களால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. பஸ்ஸும் வந்துவிட்டது. விட்ட இடத்திலிருந்து இன்று பேசுகிறோம்.

முதலில் ஒன்று. இது ஆம்பளைங்க சமாச்சாரம் மட்டும் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2016-17ல் இந்தியா முழுவதும் எடுத்த புகையிலைக் கணக்கெடுப்பில் ஆண்களில் 42.4 சதவீதம், பெண்களில் 14.2 சதவீதம் பேர் ஏதோ ஒரு வடிவில் புகையிலை உபயோகிக்கிறார்கள் என்று வந்தது. அந்தப் பெண்களில் பெரும்பாலோர் மெல்லுகிறவர்கள். அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் அளவு 20 சதவீதம். 2009-10ல் அது 16.2 சதவீதமாகத்தான் இருந்தது. பொது இடத்தில் புகைபிடிக்கக் கூடாது என்ற தடை 2008 அக்டோபர் 2ஆம் தேதி வந்தது. குட்கா, பான் மசாலாவுக்குத் தமிழ்நாட்டில் 2013ல் தடை வந்தது. இவ்வளவுக்குப் பிறகும் எண்ணிக்கை ஏறியிருக்கிறது என்றால், கடையை மூடினால் போதும் என்று இருந்துவிட முடியாது.

நாற்று நடவுக்குப் போகிற நம் பெண்கள் ஏன் புகையிலை போடுகிறார்கள் என்று கேட்டால், "பசி தெரியாது, பல்லுவலி அடங்கும், இடுப்பு வலி தெரியாது" என்பார்கள். அந்த வலியெல்லாம் நிஜம். அதைக் கேட்காமல் "விடு, விடு" என்று சொல்வதில் பிரயோசனம் இல்லை.

சரி, ஆறு வருஷம் கழித்து ஆசை எப்படி வருகிறது? பீடியோ சிகரெட்டோ இழுத்தால் அதிலுள்ள நிக்கோடின் பத்து இருபது வினாடிக்குள் மூளையைத் தொட்டுவிடுகிறது. மெல்லும் புகையிலையில் வாய்த் தோல் வழியாக மெதுவாக ஏறும், ஆனால் நீண்ட நேரம் நிற்கும். விட்டவுடன் வரும் எரிச்சல், தூக்கமின்மை, தலைவலி எல்லாம் முதல் வாரத்தில் கடுமையாக இருந்து, பொதுவாக மூன்று நான்கு வாரத்தில் தணிந்துவிடும். அதாவது உடம்பின் கணக்கு ஒரு மாதத்தில் முடிகிறது. மனதின் கணக்கு அப்படி இல்லை. டீக்குப் பிறகு பீடி, வரப்பில் உட்கார்ந்தால் வெற்றிலை என்று வருஷக்கணக்கில் பழகியதை மூளை ஜோடி ஜோடியாகச் சேர்த்து வைத்திருக்கிறது. ஒன்றைப் பார்த்தால் இன்னொன்று ஞாபகம் வருகிறது. அதனால்தான் நன்றாக விட்டு இருப்பவருக்கும் திடீரென்று ஒரு நாள் வாய் ஊறுகிறது. அது அவருடைய வைராக்கியம் குறைந்ததற்கு அடையாளம் இல்லை.

நாங்கள் அந்த ஊக்குநரின் வீட்டுக்காரரிடமே போய்க் கேட்டோம். லாரி ஓட்டுகிறவர். முதலில் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: ராத்திரி இரண்டு மணி, தொழுப்பேடு தாண்டி டயர் பஞ்சர், மழைத் தூறல், கூட வந்தவர் பீடி பற்ற வைத்திருக்கிறார். "அந்த வாசனை வந்துச்சு மேடம். ஒண்ணுதானேன்னு வாங்கினேன். அன்னிக்கு ஒண்ணுதான். மறுநாள் நானே கடையில நின்னு கட்டு கேட்டேன்." வீட்டில் சொல்லவில்லையா என்றதற்கு, "சொன்னா பிள்ளைங்க முன்னாடி பேசும்" என்றார்.

அந்த "ஒண்ணுதானே"தான் ஆபத்தான வார்த்தை. பல வருஷம் விட்டவருக்கு ஒரு தைரியம் வந்துவிடுகிறது, இனி நம்மை ஒன்றும் செய்யாது என்று. கல்யாண வீட்டுத் தாம்பூலம், சாவு வீட்டு ராத்திரி, கடன்காரர் வந்து போன மாலை, குடித்திருக்கிற நேரம் இவையெல்லாம் அந்த வார்த்தை வாயில் வரும் இடங்கள். குடியோடு சேர்ந்தால் சறுக்குவது இன்னும் சுலபம்.

இப்போது எங்கள் தப்பைச் சொல்லியாக வேண்டும். சில வருஷத்துக்கு முன்னால் ஒரு குழுவில் எல்லாரும் ஆர்வமாக இருக்கிறார்கள் என்று "புகையிலை இல்லாத குழு" என்று தீர்மானம் போட வைத்தோம். மீறினால் பத்து ரூபாய் அபராதம். தீர்மானப் புத்தகத்தில் எழுதியதும் நாங்கள்தான். எங்களுக்கு அது பெருமையாக இருந்தது, அறிக்கையிலும் எழுதினோம். அந்தக் குழுவில் ஒரு அக்கா, இருபது வருஷமாகப் போட்ட புகையிலையை விட்டு நான்கு வருஷம் ஆகியிருந்தது. அவருடைய அம்மா இறந்துபோனார். பதினாறாம் நாள் காரியத்தில் அத்தை ஒருவர் வெற்றிலை மடித்துக் கையில் கொடுக்க, வாங்கிப் போட்டுவிட்டார். அடுத்த கூட்டத்தில் யாரோ அதைச் சொல்லிவிட்டார்கள். பத்து ரூபாய் கட்டினார். அதற்கு அடுத்த கூட்டத்துக்கு வரவில்லை. சேமிப்புப் பணத்தை மகளிடம் கொடுத்து அனுப்பினார். ஐந்து மாதம் அப்படியே போனது. அந்த ஐந்து மாதமும் தினம் புகையிலை போட்டிருக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது. ஒரு மடிப்போடு நின்றிருக்க வேண்டியதை அந்த பத்து ரூபாய் ஐந்து மாதமாக ஆக்கியது என்றுதான் நாங்கள் நினைக்கிறோம்.

கடன் விஷயத்தில் நாம் இப்படிச் செய்கிறோமா? ஒரு தவணை தவறினால் கடன் அட்டையைக் கிழித்துப் போடுகிறோமா? "என்னம்மா ஆச்சு, பையனுக்குக் காய்ச்சலா?" என்று கேட்டு அடுத்த வாரம் சேர்த்துக் கட்டச் சொல்கிறோம். கட்டிய தவணையெல்லாம் வரவில் அப்படியே இருக்கிறது. நம் ஊர் ஸ்தல புராணமும் உங்களுக்குத் தெரியும். முப்புரம் எரிக்கப் புறப்பட்ட சிவபெருமானுடைய தேருக்கே இங்கேதான் அச்சு முறிந்தது. பிள்ளையாரைக் கும்பிட்டு, சரி செய்துகொண்டு கிளம்பினாரே தவிர, தேரை விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பவில்லை.

ஆறு வருஷம் வீணா என்ற கேள்விக்கு வருகிறோம். வீணில்லை. புகையை விட்ட ஒரு வருஷத்தில் மாரடைப்பு அபாயம், தொடர்ந்து புகைப்பவருக்கு இருப்பதில் ஏறக்குறைய பாதியாகிறது. ஐந்திலிருந்து பத்து வருஷத்தில் வாய், தொண்டைப் புற்றுநோய் அபாயமும் பாதியாகக் குறைகிறது. அந்த ஆறு வருஷத்தில் அவர் நெஞ்சுக்கும் நுரையீரலுக்கும் கிடைத்த ஓய்வை யாரும் திருப்பி வாங்க முடியாது. மறுபடி தொடர்ந்தால்தான் அபாயம் மறுபடி ஏறும். அதனால் சறுக்கிய அன்றைக்கே நிறுத்துவது முக்கியம், அடுத்த ஒன்றாம் தேதியிலிருந்து என்று வைக்கக் கூடாது. மீதிக் கட்டைத் தண்ணீரில் போட்டுவிட வேண்டும், தீப்பெட்டி அடுப்படியில் மட்டும் இருக்கட்டும்.

ஆசை வருகிற நேரம் எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? பெரும்பாலும் மூன்று நான்கு நிமிஷம், மிஞ்சிப்போனால் பத்து. அதற்குள் ஒரு சொம்பு தண்ணீர் குடிக்கலாம், நாலு தடவை நன்றாக மூச்சு இழுத்து விடலாம், அந்த இடத்தை விட்டு எழுந்து போகலாம். வாய்க்கு ஒரு கிராம்போ கொஞ்சம் ஓமமோ போதும். வெறும் பாக்கு போட்டுக்கலாமே என்று கேட்பீர்கள். வேண்டாம். புகையிலை சேராத வெற்றிலை பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004லேயே அறிவித்துவிட்டது. பல்லுவலி என்றால் பல் டாக்டரிடம் போங்கள், அரசு மருத்துவமனையில் பார்க்கலாம். நிக்கோடின் சூயிங்கம் மருந்துக் கடையில் கிடைக்கிறது, ஆனால் கர்ப்பிணிகளும் இதய நோய் உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

பேச ஆள் வேண்டும் என்றால் 1800 11 2356 என்ற இலவச எண் இருக்கிறது. 2016ல் தொடங்கியது. பாக்கெட் மேலேயே அச்சடித்திருப்பார்கள், நாம்தான் படிப்பதில்லை. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் 2002 முதல் புகையிலையை விட உதவும் ஆலோசனைப் பிரிவு நடந்து வருகிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954ல் தொடங்கிய மருத்துவமனை அது. வாயில் வெள்ளைத் திட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வாய் முழுசாகத் திறக்க முடியாமை இருந்தால் தள்ளிப் போடாமல் மதுராந்தகத்திலோ செங்கல்பட்டிலோ காட்டிவிடுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சட்டைப் பையைத் துழாவுவது, பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் வாங்குவது, மாமியாரிடம் சொல்லி அழ வைப்பது, இதெல்லாம் ஒளிக்கத்தான் சொல்லிக் கொடுக்கும். கோபம் வரும், வராமல் இருக்குமா? தீப்பெட்டியைப் பார்த்தவுடன் கேட்காமல், சாப்பிட்ட பிறகு தனியாகக் கேளுங்கள். "எங்க பிடிச்சீங்க, எப்ப ஆசை வந்துச்சு?" என்று. அந்த ஊக்குநர் அப்படித்தான் கேட்டிருக்கிறார். இப்போது ராத்திரி லோடுக்குப் போகும்போது வறுத்த கடலை ஒரு பொட்டலம் கட்டிக் கொடுக்கிறார். இடையில் இரண்டு தடவை பீடி பிடித்ததை அவரே வந்து சொன்னாராம்.

அந்த அக்கா விஷயம். நாங்கள் மூன்று தடவை வீட்டுக்குப் போனோம். முதல் தடவை கதவைத் திறக்கவில்லை. மூன்றாவது தடவை குழுவின் பிரதிநிதியும் வந்தார். அபராதம் வாங்கியது தப்பு என்று எங்கள் வாயால் சொன்னோம். குழு கூடி அந்தத் தீர்மானத்தை ரத்து செய்தது, பத்து ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார்கள். அக்கா அதை வாங்கவில்லை, சேமிப்பில் வரவு வைக்கச் சொல்லிவிட்டார். இப்போது கூட்டத்துக்கு வந்ததும் பாயில் உட்கார்ந்து, யாரும் கேட்பதற்கு முன்னால் அவரே எண்ணிக்கையைச் சொல்கிறார். போன செவ்வாய்க்கிழமை சொன்னது நாற்பத்தொன்று.